உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு வந்த உத்தியோகம்

ஆபரேஷன் செய்வது டாக்டர் வேலை. செய்துகொண்டவர் இன்னும் இருக்கிறாரா என்று ஊர் ஊராகக் கேட்டுத் திட்டு வாங்குவது எங்கள் வேலை. ஊரார் வாசலில் நின்று கேட்கக்கூடாததைக் கேட்டுப் பிழைக்கும் சென்சஸ்காரர்களே, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, என் வேதனை உங்களுக்குப் புரியும்.

வராத கார்டு

எழுபதுகளில் நான் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க். மார்பில் புற்றுநோய் என்றால் முழுவதையும் எடுத்துவிடுவதே அப்போது வழக்கம். எங்கள் பெரிய டாக்டர் மட்டும், கட்டி சிறியதாக இருந்த சிலருக்குக் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்து, பிறகு கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்து, அனுப்பினார். செய்தது சரிதானா என்பதை வருஷங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெருமுக்கல் ராணிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. டாக்டர் இரண்டு வழியையும் விளக்கினார். கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர் யாராவது நெடுநாள் இருந்திருக்கிறார்களா, ஒருவரையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள் அவள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மரக்காணம் குப்பம்மாளின் கார்டை எடுத்தேன். அப்படி ஆபரேஷன் ஆகி எட்டு வருஷம்; சித்திரைக்குச் சித்திரை கடிதம் போட்டும் நாலு வருஷமாக ஆளைக் காணோம். பக்கத்து மேஜைக்காரர் சொன்னார்: "இறந்துட்டாங்கன்னு எழுதி ஃபைலைக் கட்டுப்பா."

எனக்குக் கை வரவில்லை. மறுநாளே பஸ் ஏறினேன்.

என் நெஞ்சு வலி

கடலோரக் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் குப்பம்மாளை விசாரித்தேன். என்ன விஷயம் என்றார். உடம்பு விஷயம் என்றேன். உடம்புக்கு என்ன என்றார். அடுத்தவர் வீட்டுப் பெண்ணைப் பற்றி அதை எப்படிச் சொல்வது? வாய் திறக்காமல் என் மார்பில் கையை வைத்துக் காட்டினேன். மனிதர் பதறிப்போய் என்னை நிழலில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, சோடா வாங்கிக் கொடுத்து விசிறவும் ஆரம்பித்துவிட்டார்.

"நெஞ்சு வலியை வச்சிக்கினு எதுக்குங்க வெயில்ல அலையறீங்க?"

உப்பளத்தில் நால்வர்

சோடா தீர்ந்தபின் அவரே உப்பளத்துக்கு வழி சொன்னார். அங்கே நாலு பெண்கள், நாலு பேரும் புடவை மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீளப் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் கையை நிறுத்தாமலே "நான்தான்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உப்புக் காற்று என்று சமாளித்தேன்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். சித்திரையில் உப்பு விளையும்போது பாத்தியை விட்டு எவர் வருவார் என்றார். மழை பிடித்தால் உப்பளத்தில் வேலையே இல்லை. அதனால் ஐப்பசியில் இரண்டு தடவை வந்தாராம். உன் தேதி சித்திரையில்தான் என்று கிளார்க் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் அந்தக் கிளார்க் என்றேன்.

"நீங்கதாங்க."

திரைக்குப் பின்னால்

ராணியின் விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே குப்பம்மாள் பாத்தியைப் புருஷனிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் சோதித்தார், படம் எடுத்துப் பார்த்தார். எட்டு வருஷம் கழித்தும் கட்டி திரும்பவில்லை. எப்போதும் சிடுசிடுவென்று இருக்கும் மனிதர் வராந்தாவில் சீட்டியடித்துக்கொண்டு நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

குப்பம்மாள் ராணியின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டார். உள்ளே என்ன காட்டினாரோ, நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்த ராணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தனக்கும் அப்படியே செய்யச் சொல்லி டாக்டரிடம் சம்மதம் சொன்னாள். புறப்படும்போது குப்பம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்:

"வருஷா வருஷம் வந்து காட்டணும். இவரு திருப்பி அனுப்பினா போவாதம்மா, இங்கியே உக்காந்துக்க."

அன்றிலிருந்து உப்பளத்துக் கார்டுகளுக்கெல்லாம் மழைக்காலத்தில் தேதி போட்டேன்; ஐப்பசிதோறும் வந்து அவர்கள் திட்டத் திட்ட எனக்கு ஒரே சந்தோஷம், ஆள் உயிரோடு இருந்தால்தானே திட்ட முடியும்.