நெதில்கா வீட்டு ஜன்னல்

நெதில்கா மலைப்பக்கத்து ஊரிலிருந்து கடற்கரையில் இருக்கும் ஸ்பிளிட் நகரத்துக்கு மருமகளாக வந்தவள். வாழ்க்கைப்பட்ட வீடு அரண்மனைக்குள் இருந்தது. அதில் பெரிய அதிசயம் இல்லை. ரோமப் பேரரசர் ஒருவர் கட்டிய அரண்மனை மதிலுக்குள்தான் பழைய ஊரே குடியிருக்கிறது. அவள் சமையலறைச் சுவரில் அந்தக் காலத்துத் தூண் ஒன்று பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சந்தில் கேமராவோடு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நெதில்கா அதில் பூண்டுச் சரம் மாட்டியிருந்தாள்.

வந்த புதிதில் மீன் டப்பா ஆலையில் வேலை. கூட வேலை செய்த கடற்கரைக்காரிகள், "ஏய் மலைக்காரி, மீனுக்கு வாய் எந்தப் பக்கம்னு தெரியுமாடி?" என்று சீண்டுவார்கள்.

"தெரியும். ஆனா அந்த வாயிலேர்ந்து உங்க மாதிரி சத்தம் வராது" என்பாள்.

புருஷன் போய், ஆலையும் மூடிய பிறகு முன்னறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டாள். 'அறை உண்டு' என்று அட்டையில் எழுதித் துறைமுகத்தில் போய் நிற்பாள். கப்பலிலிருந்து இறங்குகிறவரின் செருப்பைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவாள். மகள் விங்காவுக்கு அது கௌரவக் குறைச்சல். அறையை இணையதளத்தில் ஏற்றிவிட்டு, அட்டையை அலமாரிக்குப் பின்னால் செருகினாள்.

வினை அங்கேதான் தொடங்கியது. அந்த ஊரில் யாரும் திறந்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உட்கார மாட்டார்கள். குறுக்குக் காற்று அடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணிக்கொள்ளும். தன் மாமியார் படுத்த படுக்கையானது அப்படியொரு ஆகஸ்ட் மத்தியானத்தில்தான் என்பதில் நெதில்காவுக்குத் துளியும் சந்தேகமில்லை. வெளிநாட்டுக்காரர்களோ ஜன்னல் கண்ட இடமெல்லாம் திறந்து போடுவார்கள். இவள் சாவியோடு போய்ச் சாத்திவிட்டு வருவாள். புகார் மேல் புகார் வந்தது.

"இன்னொரு புகார் வந்தா இணையத்திலேர்ந்து அறையைத் தூக்கிடுவாங்கம்மா" என்றாள் விங்கா. " அப்புறம் முழு வீட்டையும் ஏஜென்சிக்காரர்கிட்ட விட்டுட்டு நீ என்னோட பத்தாவது மாடிக்கு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் நெதில்கா. ஜெயிக்கப்போவது தான்தான் என்கிற தெம்பு.

அடுத்து வந்தவர் லார்ஸ் என்கிற ஸ்வீடன்காரர். மத்தியானம் இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டுத் தூங்கினார். தெற்கிலிருந்து ஈரக்காற்று கிளம்பி, ஜன்னல் கதவு படபடவென்று அடித்தது. நெதில்கா சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பத்தாவது மாடி நினைவுக்கு வந்தது. கூடவே மாமியாரும் நினைவுக்கு வந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கொக்கியைப் போடும்போது லார்ஸ் விழித்துக்கொண்டார். "அம்மா, இது என் அறை."

"அறை உங்களோடதுதான், கழுத்தும் உங்களோடதுதான். ஆனா நாளைக்குக் கழுத்து திரும்பலைன்னா தேய்ச்சுவிடப் போறது நான்தானே?" என்றாள், அரைகுறை ஜெர்மனில்.

அவர் அன்றைக்கே புகார் எழுதிவிட்டுப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். மறுநாள் அறை இணையத்தில் இல்லை. விங்கா போனில் கத்தவில்லை. "சாயங்காலம் ஏஜென்சிக்காரர் வர்றாரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

"சாயங்காலம்தானே? அதுக்கு முன்னாடி ஒரு கப்பல் இருக்கு" என்றாள் நெதில்கா. அட்டையை உருவித் தூசி தட்டினாள்.

துறைமுகத்தில், அவளைப் போலவே அறை விடுகிற பெரினா தன் அட்டையோடு நின்றிருந்தாள். "என்ன நெதில்கா, கம்ப்யூட்டர் துரத்திவிட்டுடுச்சா?"

"நான்தான் அதுக்கு லீவு கொடுத்திருக்கேன்."

முதலில் வந்தவர் நெட்டையான ஓர் ஆள். நெதில்கா செருப்பைப் பார்க்கவில்லை. "ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்குவீங்களா?"

"கண்டிப்பா."

"அப்போ இவகிட்ட போங்க" என்று பெரினாவைக் காட்டினாள். பெரினா திகைத்துப்போய், "உனக்கு வெயில் ஏறிடுச்சுடி" என்றாள்.

கூட்டம் கரைந்தது. அட்டை கையிலேயே இருந்தது. கடைசியாக பெல்கிரேடிலிருந்து ஓர் அம்மாளும் அவள் மகளும் இறங்கினார்கள். அந்த அனல் வெயிலிலும் அம்மாள் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். நெதில்கா நேராக அவளிடம் போனாள். இவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாளே கேட்டாள்:

"அறையில எத்தனை ஜன்னல்?"

"ரெண்டு."

"ஒண்ணு சாத்தியிருக்கும்தானே?"

நெதில்கா அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் விங்கா ஏஜென்சிக்காரரோடு வந்தபோது சமையலறையில் கீரையும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. பின்பக்க ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அந்த அம்மாள் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோடை முடியும்வரை இங்கேயே இருக்கப்போவதாகவும், அடுத்து தன் தங்கைகள் வருவார்களென்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். விங்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏஜென்சிக்காரர் வாசலிலேயே நின்று, திறந்த கதவைப் பிடித்தபடி கண்ணாலேயே கூரையை அளந்துகொண்டிருந்தார்.

"கதவைச் சாத்துங்க" என்றார்கள் நெதில்காவும் அந்த அம்மாளும் ஒரே குரலில்.

விங்கா போய்ச் சாத்தினாள், அவரை வெளியே விட்டு.