அறுபதாவது அட்டையில் இரண்டு ஓட்டை

ஒரு காரியத்துக்கு உரிய எல்லாச் சொல்லும் தெரிந்த ஒருவனுக்கு அந்தக் காரியம் மட்டும் ஏன் கைவராமல் போகிறது? சொல் வசப்பட்டால் பொருளும் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பித்தான் நாமெல்லாம் புத்தகம் வாங்குகிறோம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் துப்பாக்கி கிளப்பில் கழித்த பன்னிரண்டு வருஷத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

அவர் ஏர் ரைஃபிள் சுடுபவர். "சுடுகிறவன்னு சொல்லாதீங்க. சுடுறதைப் பத்திப் பேசுறவன்" என்று அவரே திருத்திவிடுவார். கிளப்பில் அவருக்கு வைத்த பெயர் 'விளக்கம்'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் கூடம் சின்னது. பத்து பேர் வரிசையாக நின்று சுடுகிற இடத்தில் முதுகுக்குப் பின்னால் என்று தனியாக ஒரு இடம் கிடையாது.

பழைய நூல் கிடங்கை வெள்ளையடித்து உண்டாக்கிய கூடம் அது. ஆளுக்கு ஒரு லேன். பத்து மீட்டர் தள்ளி, உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டை தொங்கும். அதில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். நட்டநடுவில் பேனா முனையால் தொட்டு வைத்தது போல ஒரு புள்ளி. அதுதான் பத்து. ஒரு வட்டம் வெளியே போனால் ஒன்பது, இன்னொன்று போனால் எட்டு. ஒரு குண்டுக்கு ஓர் அட்டை. சுட்டு முடித்து பொத்தானை அமுக்கினால் மோட்டார் முனகிக்கொண்டே அட்டையைக் கைக்குக் கொண்டுவந்து கொடுக்கும். போட்டி என்றால் அறுபது அட்டை, அறுநூறு புள்ளி.

அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் மனைவியின் அண்ணன், கிளப் செயலாளர். கண்ணாடிக்கடை வைத்திருப்பவருக்குக் கண் நன்றாக இருக்கும் என்று அவராக முடிவு செய்துகொண்டார். பல் டாக்டருக்குப் பல் நன்றாக இருக்கும் என்பதுபோல.

முதல் நாளே கண்ணாடிக்காரர் கையேட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் நின்ற குழாய் ரிப்பேர்க்காரர் பேச்சுவாக்கில் 'தோட்டா' என்றார். அவ்வளவுதான். "தோட்டா இல்லீங்க, பெல்லட். தோட்டாவுல மருந்து இருக்கும். இது வெறும் ஈயம், தள்ளுறது காத்து. அப்புறம், அதை குதிரைன்னு சொல்லாதீங்க, டிரிகர். அதுலயும் ரெண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்துல விரல் சும்மா சாஞ்சு நிக்கணும், ரெண்டாவதுலதான்..." நாற்பது நிமிஷம் போயிற்று. கடைசியில் அவர் முறை வந்தது. நின்றார், மூச்சை விட்டார், பாதியில் நிறுத்தினார், அழுத்தினார். 'டப்' என்றது. அட்டை வந்தது. ஓட்டை இல்லை.

"அட்டை கொஞ்சம் மட்டம் போல" என்றார்.

"பெல்லட் போட்டீங்களா?" என்று கேட்டார் குழாய்க்காரர்.

போடவில்லை. இந்தக் கதையை அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. கடையில் ஒருவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாக மாற்றி, "இதுவா, அதுவா" என்று கேட்டுக்கொண்டே இதையும் சொல்வார். வந்தவர் சிரித்துவிட்டு எந்த லென்ஸில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது என்பதை மறந்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து.

சுட்டவுடன், அட்டையைப் பார்க்கும் முன்பே குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று கணித்துச் சொல்வது ஒரு பயிற்சி. அதற்கு ஆங்கிலத்தில் 'கால்' (call) என்று பெயர். நல்ல ஆட்களுக்குக் கணிப்பும் ஓட்டையும் ஒத்துப்போகும். கண்ணாடிக்காரரும் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் கணிப்பை எழுதி, பக்கத்திலேயே நடந்ததையும் எழுதுவார். கணிப்பு வரிசையில் பத்து, பத்து, பத்து. நடந்த வரிசையில் எட்டு, ஒன்பது, ஏழு. "இந்தப் பக்கம் நான் யாருன்னு நினைச்சேனோ அது. அந்தப் பக்கம் நான் யாரோ அது" என்பார். இதை ஒரு நகைச்சுவையாகத்தான் சொன்னார். மனிதர்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்த நோட்டுகளில் இரண்டாவது வரிசை பெரும்பாலும் இருப்பதே இல்லை என்பதை நினைத்தால், அதை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் இந்தக் கலைக்கு மரியாதை கிடையாது. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர்.

"தினமும் நாப்பது பேருக்கு ஒரே குத்துல நரம்பைப் பிடிக்கிறேன். எனக்கு எவனாவது பேட்ஜ் குடுத்தானா?"

"உனக்கு தூரம் ரெண்டு அங்குலம். எனக்கு பத்து மீட்டர்."

"உங்க அட்டை கையை உதறாதே. அழாதே. போன தடவை குத்தினவ எங்கேன்னு கேட்காதே."

கண்ணாடிக்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

கிளப்பில் வருஷா வருஷம் ஒரு தேர்வுப் போட்டி நடக்கும். ஐந்நூற்று நாற்பது எடுத்தவர்களுக்கு ஒரு பித்தளை பேட்ஜ், கிளப் அணியிலும் இடம். பன்னிரண்டு வருஷத்தில் அவருடைய அதிகபட்சம் ஐந்நூற்று முப்பத்தொன்று. அவசரம் ஒன்றும் இல்லை, அறுபது வயதிலும் சுடுகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் புது லென்ஸ் ஒன்றைச் சோதிக்கத் தன் வலது கண்ணிலேயே வைத்துப் பார்த்தபோது எழுத்துப் பலகை பால் ஊற்றியது போல இருந்தது. லென்ஸைத் துடைத்தார். பலகையைத் துடைத்தார். துடைக்க முடியாத இடத்தில் இருந்தது கோளாறு. புரை.

"அடுத்தவங்க கண்ணையே பார்த்துட்டு இருந்தா இப்படித்தான்" என்றார் மனைவி. ஆனால் அன்று அவர் சிரிக்கவில்லை. கண் டாக்டரிடம் கூடவே போனார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள், தேர்வுப் போட்டி முடிந்து ஒரு வாரத்தில். அதற்குப் பிறகு அந்தக் கண் குறி பார்க்க ஒத்துவருமா என்று கேட்டதற்கு டாக்டர், "வாழ்க்கைக்கு ஒத்துவரும். உங்க விளையாட்டுக்கு நான் உத்தரவாதம் இல்ல" என்றார்.

ஆக, இந்த ஒரு தடவைதான். இதைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க அவர் பட்ட பாட்டை அவருடைய வாயை அறிந்தவர்கள்தான் உணர முடியும்.

போட்டியன்று அவருக்கு நான்காவது லேன். ஐந்தாவது லேனில், பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை நடத்தும் தையல்காரம்மா. கிளப்பிலேயே கை சுத்தமானவர், ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் பத்து எடுப்பவர். செயலாளர்தான் போட்டியை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசர். விசில் கழுத்தில், கண்டிப்பு முகத்தில்.

ஏனோ அன்று கண்ணாடிக்காரர் பேசவில்லை. எவனோ 'துப்பாக்கிக் கட்டை' என்றபோதும் திருத்தவில்லை. முப்பது குண்டு முடிந்ததும் குழாய்க்காரர் அவர் அட்டைகளை எட்டிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதும் சரியில்லையா சார்?" என்று கேட்டார். புள்ளிகள் அவ்வளவு நன்றாக இருந்தன. ஐம்பத்தொன்பது குண்டுகளில் ஐந்நூற்று முப்பத்தொன்று. கடைசிக் குண்டில் ஒன்பது எடுத்தால் போதும்.

அவர் ரைஃபிளைத் தூக்கினார். பால் படிந்த குறிவளையத்துக்குள் அட்டையின் வட்டம் மெல்ல வந்து நின்றது. சுட்டார். நோட்டை எடுத்து அறுபதாவது வரியில் கணிப்பை எழுதினார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

அட்டையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று நடுப்புள்ளியைத் தின்றுவிட்டிருந்தது. இன்னொன்று கீழே இடதுபுறம், ஏழில்.

அதே நேரம் ஐந்தாவது லேனின் அட்டை வந்தது. ஓட்டையே இல்லாத, புத்தம்புதிய, வெறும் அட்டை. தையல்காரம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசிக் குண்டுக்கு முன் அவருடைய கையுறை நழுவியிருந்தது. ரைஃபிளை இறக்கி, உறையைச் சரி செய்து, மறுபடி தூக்கினார். கண் பக்கத்து அட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த விளையாட்டில் கெட்டிக்காரர்களும் செய்கிற தப்பு இது. எவ்வளவு அழகாகச் சுட்டாலும் சுட்டவருக்கு சைபர்.

"அண்ணா, மன்னிச்சிடுங்க. உங்க வீட்டுக்குள்ள புகுந்துட்டேன்."

"வந்ததுதான் வந்தீங்க, ஓட்டையை வேற போட்டுட்டுப் போறீங்களே" என்றார் கண்ணாடிக்காரர்.

செயலாளர் பூதக்கண்ணாடியோடு வந்தார். எல்லா பெல்லட்டும் நாலரை மில்லிமீட்டர்தான். இரண்டு ஓட்டைகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எது யாருடையது என்று சொல்ல வழியில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கென்றே விதி இருந்தது. தப்பு செய்யாதவருக்கு இரண்டில் பெரிய எண்ணைக் கொடுத்துவிடு. உண்மை கிடைக்காத இடத்தில் சண்டையையாவது முடித்து வைப்போம் என்று எழுதிய விதி.

"பத்து. மொத்தம் ஐந்நூற்று நாப்பத்தொண்ணு" என்றார் செயலாளர். சொல்லி முடிப்பதற்குள் கண்டிப்பு கலைந்துவிட்டது. "மாப்ளே! எடுத்துட்டீங்க!"

குழாய்க்காரர் கை தட்டினார். தையல்காரம்மாதான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். ஒரு சைபரால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை, அணியில் முதல் பெயர் அவருடையதுதான். "பத்து உங்களோடதுதாண்ணா. எனக்கு கை ஒரு ஆட்டம் ஆடிடுச்சு, நான் ஏழுதான் போட்டிருப்பேன்."

போட்டிருக்கலாம். பத்தும் போட்டிருக்கலாம். அறுபதாவது வரியில் கண்ணாடிக்காரர் என்ன எழுதியிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய கணிப்பை அந்தக் கூடத்தில் யார்தான் பொருட்படுத்தினார்கள்?

அவர் நோட்டை மேல்பையில் வைத்துக்கொண்டு, "ஆட்சேபணை ஃபாரம் ஒண்ணு குடுங்க மச்சான்" என்றார்.

"யார் மேல?"

"என் ஸ்கோர் மேல."

"வெயில்ல வந்தீங்களா? குறைச்சுப் போட்டா ஆட்சேபிக்கலாம். கூடப் போட்டதுக்கு எவன் ஆட்சேபிப்பான்? ரூல் உங்க பக்கம் இருக்கு."

"ரூல் எனக்குத் தெரியும். ஆட்சேபிக்க பத்து நிமிஷம் உண்டு. ரெண்டு போயிடுச்சு."

ஃபாரம் வந்தது. மூன்று வரி. எந்தக் குண்டின் புள்ளியை ஆட்சேபிக்கிறீர்கள்? அறுபது என்று எழுதினார். எப்படி மாற்ற வேண்டும்? ஏழு. மூன்றாவது வரி, காரணம்.

"அண்ணா, வேணாம். என்னால தானே?" என்றார் தையல்காரம்மா.

"உங்களால இல்லம்மா."

"அப்ப எதனால?" என்று மடக்கினார் செயலாளர். "காரணம் இல்லாம நான் எப்படி வாங்குறது? சும்மா ஒரு வார்த்தை எழுதுங்க மாப்ளே. வாய் வலிக்கிற வரைக்கும் பேசுவீங்களே, ஒரு வார்த்தை!"

கண்ணாடிக்காரர் பேனாவை மூடினார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், தங்கை புருஷனைப் பார்த்தார், கடைசியில் பலகையில் நாற்பத்தொன்றை அழித்து முப்பத்தெட்டு என்று எழுதினார். சாக்பீஸ் உடைந்தது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் அண்ணனிடம் போனில் கேட்டு வைத்திருந்தார். "பைத்தியமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தவர், அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "ஏங்க, அந்த நோட்டைக் குடுங்களேன், பார்க்கிறேன்" என்று மட்டும் கேட்டார். அவர் கொடுக்கவில்லை.

பிற்பாடு பலர் கேட்டார்கள். யார் கேட்டாலும் ஆட்சேபணை ஃபாரத்தை எப்படி நிரப்ப வேண்டும், எத்தனை நிமிஷத்துக்குள் கொடுக்க வேண்டும், எத்தனை பிரதி என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்வார். மூன்றாவது வரி வந்ததும் மேஜையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.