ஆணியில் தொங்கிய பேட்ஜ்

என்னோடு வேலை பார்த்த அக்காவின் வீட்டுக்கு முதன்முறை போனபோது கண்ணில் பட்டது, பெரியபாளையத்து அம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய அந்த பேட்ஜ்தான். உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகிறது என்று தெரிவதற்காகச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டியது. அவருடைய கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வெல்டிங் மூட்டுகளைக் கதிர் பாய்ச்சிப் படமெடுக்கும் வேலை. அவர் வேலைக்குப் போயிருந்தார். பேட்ஜ் வீட்டில் இருந்தது.

"போட்டுக்கினு போனா அளவு ஏறிடும் மேடம். ஏறுச்சுன்னா வேலைக்கு வராதன்னுடுவாங்க. அங்க எல்லாருமே ஊட்லதான் மாட்டிட்டுப் போறாங்க" என்றார் அக்கா, சாதாரணமாக.

நாங்கள் இருவரும் கவரைப்பேட்டை பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். கதிர் பாய்ச்சிய எலிகளை அவர் பராமரிப்பார். அவற்றின் ரத்தத்தை நான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். அந்த எலிகள் மாதக்கணக்கில் நன்றாகத் தின்று ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எலும்பு மஜ்ஜையில், ரத்தம் உருவாகும் இடத்திலேயே அடி விழுந்திருக்கும். பிறகு சிலவற்றுக்கு மட்டும் கோளாறான வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும், மண்ணீரல் வீங்கும். எதற்கு வரும், எதற்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அக்கா தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி, காதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால், "இதுக்கு வந்துடுச்சு" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். இவ்வளவு தெரிந்தவர் சொந்த வீட்டில் இதை விட்டுவைத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"நம்ம எலிக்கு வந்தது அவருக்கு வராதா அக்கா?"

டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தார். கேட்டிருக்க வேண்டாமோ என்று இன்றும் சில நாள் தோன்றும்.

மறுநாளே கணவரை இழுத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"எலியும் மொதல்ல நல்லாத்தான மேடம் இருந்துச்சு?"

அன்றிலிருந்து பேட்ஜைத் தன் கையாலேயே கணவரின் சட்டையில் மாட்டி அனுப்பினார். பயந்தபடியே அளவு ஏறியது, வேலை போனது. இப்போது கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

போன வாரம் காலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஆணியில் ஆட்டோ சாவி தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை அக்கா வாசலில் நிறுத்தி, காதைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார்.

"தெனமும் இதே பேஜாரு" என்று முனகினாலும் மனிதர் அசையாமல் நின்றார்.

"இன்னிக்கு செவப்பாத்தான் கீது. போய்ட்டு வா."

அதற்குப் பிறகுதான் காதை விட்டார்.