அக்காவின் பிஸ்டலுக்கு நான் விட்ட எண்ணெய்

வடநாட்டில், எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் யாருக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டுமானாலும் என் அக்கா இளவரசியைத்தான் தேடுவார்கள். அவளுக்குக் கை நடுங்காது. அந்தக் கையை நம்பித்தான் காலேஜ் ஏர் பிஸ்டல் டீமில் சேர ஆசைப்பட்டு, பழைய பம்ப் பிஸ்டல் ஒன்றை வாங்கினாள். நெம்புகோலை அமுக்கிக் காற்றேற்றிச் சுட வேண்டும்.

அதை மேம்படுத்தும் பொறுப்பை, பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட மேதையான நான், யாரும் கேட்காமலே ஏற்றேன். மரப்பிடியை அவள் விரல்களுக்கு ஏற்றபடி தேய்த்தேன். நன்றாகவே வந்தது, அதோடு நிறுத்தியிருக்கலாம். பம்புக்கும் எண்ணெய் விட்டேன். குளிரில் கட்டியாகிறதென்று அம்மா வெயிலில் உருக்கி வைத்திருந்த அதே தேங்காய் எண்ணெய்.

டீம் தேர்வு நடந்த ஜனவரிக் காலையில் நெம்புகோல் அசையவில்லை.

"என்னடா ஊத்தின?"

"அம்மாவோட தேங்கா எண்ணெ."

"அச்சா! சீப்பும் குடுத்திருந்தா தலை வாரி விட்டிருப்பேனே!"

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. குண்டு போடாத பிஸ்டலை வாங்கி, ஸ்வெட்டருக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பெயரைக் கூப்பிடும்வரை அடைகாக்கும் கோழியாக நின்றேன். எண்ணெய் இளகியது.

டீமில் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது.

இப்போது போட்டிக்கெல்லாம் என்னையும் கூட்டிப்போகிறாள். பிஸ்டலைக் கழற்ற எனக்கு அனுமதியில்லை. குளிரடித்தால் மட்டும் நீட்டுவாள்.

"டேய் ஹீட்டர், ஜல்தி பிடி!"