மேகம் வந்தால் போன் போடுபவர்

ஹைதராபாத் உப்பலில் நடந்த பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தூரத்துத் தீவு ஒன்றின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். வெயிலில் கறுத்த முகம், நரைத்த பின்னல். சோலாரை நம்பியிருக்கும் தீவு அது. அங்கே மேகம் கூடி சோலார் குறைவது போனில் தெரிந்தால் இவர் இங்கே சாப்பாட்டை விட்டு எழுந்து, அந்தத் தீவின் ஐஸ் ஃபேக்டரிக்காரருக்குப் போன் போடுவார்.

"அண்ணே, சோலார் குறையுது. ஆஸ்பத்திரிக்கு கரண்ட் தாங்கணும். கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்துறீங்களா?"

"உங்க போன்லயே அதை நிறுத்துற பட்டன் இருக்கே மேடம்?" என்றேன்.

"இருக்கு. ஐஸ் உருகினா நஷ்டம் அவருக்குத்தானே. கேக்காம எப்படி நிறுத்துறது?"

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"இதுவரைக்கும் சொன்னதில்லை. கேக்குறேன்ல."

ஹைதராபாத்தே மேகத்துக்கு ஏங்கிய மே மாதம் அது. எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேகத்தால் ஆறிப்போன சாம்பார் சாதத்தை அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.