தாமு அண்ணாவுக்குக் கொடுத்த படம்

தாமு அண்ணா போய்விட்டார். இன்று காலை ஜீவனஹள்ளியில், வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது. ஹார்ட் அட்டாக்...

தெரியாதவர்களுக்கு: எங்கள் ரிசர்ச் சென்டரின் வேன் டிரைவர். இதயத்தின் ரத்தக்குழாய்களில் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஸ்கேனில் படம் பிடித்துக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் சென்டரின் வேலை. ஆமாம், சிரித்துக்கொள்ளுங்கள்.

டைரக்டர் வாட்ஸ்அப் குரூப்பில் இரங்கல் போட்டார். "நம் இன்டர்டிசிப்ளினரி குடும்பத்தின் ஈடு இணையற்ற உறுப்பினர்." வரிசையாகக் கும்பிடு எமோஜி. அடுத்த மெசேஜும் அவருடையதுதான்... கான்ஃபரன்ஸ் ஸ்லைடு இன்னும் யார் அனுப்பவில்லை?

குடும்பமாம். தாமுவின் முழுப்பெயர் தாமோதரன் என்பதே அவருக்கு இன்று காலை என்னிடம் கேட்டுத்தான் தெரியும்.

ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து ஆனேக்கல் பக்கம் ஒரு ஃபேக்டரியிலிருந்து வரவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடும். பெங்களூர் டிராஃபிக்கில் அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர் தாமு அண்ணா.

"மேடம், சில்க் போர்டு சிக்னல் தாண்டிட்டேன். ஸ்வல்ப ஊசிய ரெடி பண்ணிக்கோங்க." வாரம் மூன்று நாள், கொஞ்சம் கன்னடம் கலந்து, இந்த போன் வரும்.

ஒருநாள் ஏதோ ஊர்வலம், வண்டி அல்சூரிலேயே நின்றுவிட்டது. மருந்து இருந்த ஈயப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். முகமெல்லாம் வேர்வை.

எங்கள் கெமிஸ்ட், பிசிக்ஸ் ஆசாமி, கார்டியாலஜிஸ்ட், மூன்று பேரும் அவரைத் தாண்டித்தான் மேலே போனார்கள். கார்டியாலஜிஸ்ட் மட்டும் நின்றார். வாட்சைப் பார்த்து, "லேட்" என்றார்.

பிறகு அந்த ஸ்டடி வந்தது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயே இல்லாத ஆட்கள் சிலர் வேண்டும். படித்த பெருந்தகைகள் யாரும் ஊசி போட்டுக்கொள்ள வரவில்லை. தாமு அண்ணா வந்தார்.

"ஒடம்புல ஒன்னும் இல்லாத ஆளுதான வேணும்? நான் இருக்கேன் மேடம்."

ஃபைலில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும். அவர் ஏழு. ரகசியமாம்... அதை அவரே கேன்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஏழாம் நம்பர் படத்தில் இதயத்தின் முன்பக்கக் குழாய் பளிச்சென்று எரிந்தது. நோய் இருந்தால் எரிகிற மாதிரியே.

மீட்டிங் போட்டோம். மருந்து பேட்ச் சரியில்லை, சோதிப்பது ஃபேக்டரிக்காரன் பொறுப்பு என்றார் கெமிஸ்ட். ஆள் அசைந்திருப்பார், அது ஸ்கேன் டெக்னீஷியன் பொறுப்பு என்றார் பிசிக்ஸ் ஆசாமி. "ரிசர்ச் ஸ்கேன் டயக்னோசிஸ் கிடையாது. அவர் என் பேஷண்டும் கிடையாது" என்றார் கார்டியாலஜிஸ்ட். நான்கு துறை அறிவு ஒரே ரூமில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. நான்காவது துறை கம்ப்யூட்டர். அதாவது நான்.

"அவுட்லையர், மத்ததோட சேராத நம்பர். தூக்கிடும்மா" என்றார் டைரக்டர்.

தூக்கினேன். கிராஃப் அழகாக வந்தது. "ஆரோக்கியமானவர்கள் எவரிடமும் இது தென்படவில்லை" என்று பேப்பரில் எழுதியதும் நான்தான். மற்றவர்களை மட்டும் காறித் துப்பிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை.

ஸ்டடிக்கு வந்தவர்களுக்கு அவரவர் ஹார்ட் படத்தை கலரில் பிரிண்ட் போட்டுத் தருவது எங்கள் வழக்கம். ஒரு நினைவுப் பரிசு. தாமு அண்ணா தினமும் கேட்டார். "மேடம், நம்ம படம் எப்ப?"

ஏழைத்தான் தூக்கியாகிவிட்டதே. அதைக் கொடுத்தால் ஏன் இப்படி எரிகிறது என்று கேட்பார், யார் பதில் சொல்வது... ஐந்தாம் நம்பர் படம் சுத்தமாக இருந்தது. அதை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

"ஹார்ட்டு எப்படி இருக்கு மேடம்?"

"சூப்பரா இருக்குண்ணா."

மதியம் டைரக்டரோடு நாங்கள் நான்கு துறையும் அவர் வீட்டுக்குப் போனோம். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்த பிரிண்ட், கண்ணாடி ஃபிரேம் போட்டு. போன மாதம்கூட நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் மனைவி சாந்தி அக்கா கூப்பிட்டதற்கு, ஃபிரேமைக் காட்டி, வெறும் கேஸ்தான் என்று சிரித்தாராம்.

"எல்லாம் நல்லாருக்குன்னு உங்க ஆபீஸ்லதானே குடுத்தாங்க மேடம்? அப்புறம் எப்படி?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற மூன்று துறைக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். இப்போதும் அது வேறு யாரோ ஒருவர் பொறுப்புதான்.

நான் அழுதுகொண்டே நின்றேன்.

வேலை போனால் போகட்டும். நாளை காலை எடுப்பதற்கு முன் போகிறேன், சாந்தி அக்காவிடம் உண்மையைச் சொல்ல.

தாமு அண்ணா... அது உங்க படம் இல்லைண்ணா. உங்களுடையது என் கம்ப்யூட்டர்லயே இருக்கு.

போய்ட்டு வாங்க.