உறைந்தது மேல்தோல் மட்டும்

என் சித்தி தையல் கடையில் காஜா எடுப்பவள். அவள் எடுத்த காஜாவில் எந்தப் பொத்தானும் முரண்டு பிடிக்காது. கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

கொஞ்ச காலமாக அவளுக்கு வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்தது. சித்தப்பாவோடு சேர்ந்திருந்தால் ரத்தமும் பட்டது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார்.

"புற்றுநோய் இல்லம்மா. கருப்பை வாய் புண் மாதிரி சிவந்திருக்கு. அந்த இடத்தை மட்டும் உறைய வச்சா, மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் வந்துடும். குழந்தைக்கு ஒரு தடையும் இல்ல."

மயக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை. ஒரு கருவியின் நுனியை அங்கே வைத்துக் குளிரூட்டினார்கள். மாதவிலக்கு வலி போல அடிவயிறு இழுத்ததாம், அவ்வளவுதான். சில வாரம் தண்ணீராகப் போகும், அதுவரை கணவனோடு சேர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனி, நீயும் ஐஸ் வச்சுக்கிட்டியா? குடும்பமே குளிருதுடி" என்று பக்கத்து மிஷின்காரி கேலி செய்தாள். சித்தியும் சிரித்தாள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. அவர் மீன்களை உறைய வைத்துப் பெட்டியில் அடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார்.

"உறைய வச்சாங்களா?"

"மேல்தோலைத்தாங்க."

"உறைஞ்சது எதுவும் திரும்ப உசுரோட வந்து நான் பாத்ததில்ல."

சித்தி வெட்டுத்துணிகளை மடித்துத் தைத்து வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னபடியே தண்ணீராகப் போனது. கொடியில் காய்ந்த துணிகளை சித்தப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஐஸ்லேருந்து எடுத்த மீனும் இப்படித்தான் தண்ணி விடும். அப்புறம் அது என்னாகும்னு எனக்குத் தெரியாதா?"

"நான் என்ன மீனாங்க? ஆறுறதுக்குத்தான் அப்படிப் போகுதாம். நீங்களே வந்து டாக்டரம்மாகிட்ட கேளுங்க."

"பொம்பளைங்க ஆஸ்பத்திரில எனக்கென்ன வேலை?"

என் அம்மா அவரிடம் போய்ப் பேசினாள். "அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று முடித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தெருவில் எந்தக் குழந்தை விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்குகிறவர். தன் கண்ணால் தினமும் பார்ப்பதை நம்பினார், சித்தி சொன்னதை நம்பவில்லை.

முதலில் போர்வையை எடுத்துக்கொண்டு கூடத்தில் படுத்தார். பிறகு கம்பெனி அறையிலேயே தங்கிக்கொண்டார். கடைசியில் அவருடைய அக்கா வந்து அவர் துணிமணிகளை வாங்கிப்போனாள். "தம்பிக்கு ஒரு பிள்ளை வேணும்ல, நீயே சொல்லு" என்றாள். சித்தி ஒரு சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள்.

மறுபரிசோதனைக்கு நான் துணைக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லா ஆறிடுச்சும்மா. இனிமே வீட்டுக்காரரோட சேர்ந்திருக்கலாம். குழந்தைக்கும் பாருங்க. அவர் வரலையா?"

"வேலைங்க" என்றாள் சித்தி.

"சரி, போய் நல்ல சேதியைச் சொல்லுங்க."

"சொல்றேம்மா."

பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஐஸ் கம்பெனி வாசல் வந்தபோது எழுந்தாள். இறங்கப்போகிறாள் என்று நானும் எழுந்தேன். பேருந்து நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள். சித்தி புடவையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.